டவாலிக்காரர் செல்லக்கண்ணு

சிங்கப்பூர் தேக்காவில் செல்லக்கண்ணு என்று பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. டவாலிக்காரர் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நகரத்தில் இருந்த ஒரு காட்சிசாலையின் வாசலில் அவர் சேவகர். புலித்தோல், குப்பியில் பாம்பு, மீன் எலும்பு என்று வைத்திருந்த அந்தக் கட்டடத்தை நம் ஆட்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். செத்ததைக் காவல் காக்கிற வேலைதான், ஆனாலும் சர்க்கார் வேலை. வெள்ளைத் தலைப்பாகை, தோளில் சிவப்பு டவாலி, அதில் பித்தளை வில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ரோட்டு வேலைக்கு மண்கூடை சுமந்தவர், அந்த உடுப்புக்குள் வர எத்தனை பேர் காலைப் பிடித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்த உடுப்பைப் பார்த்துத்தான் தஞ்சோங் பகாரிலிருந்து சம்பந்தம் வந்தது. தங்கராஜு துறைமுகத்தில் கூலிகளை மேய்க்கிற தண்டல். செல்லக்கண்ணுவின் தாயில்லாப் பெண் மங்களத்தைத் தம் மகனுக்குக் கேட்டார். "உடுப்புக்காரர் வீட்டுப் பொண்ணு, அது போதும். வேற ஒண்ணும் நீங்க செய்ய வேணாம்," என்றார். பரிசம் போட நாளும் குறித்தாயிற்று.

அந்த வருஷம் சீமையிலிருந்து காட்சிசாலைக்குப் புதுத் துரை ஒருவர் வந்து சேர்ந்தார். சிங்கப்பூரில் கோடை ஏது? வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். துரைக்கு அவர் ஊரில் கோடை என்றால் இங்கேயும் கோடைதான். சனிக்கிழமைதோறும் பொதுசனங்களுக்கு இலவசமாகக் கோடைக்காலப் பிரசங்கம், திரையில் விளக்குப்படம் என்று ஏற்பாடு செய்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? செல்லக்கண்ணு தாமே போய்ச் சம்பந்தியைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. முன்வரிசையிலேயே நாற்காலி போட்டு வைக்கிறேன்," என்றார். சொன்னபடி போட்டும் வைத்தார்.

அன்றைக்குப் பிரசங்கம், கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்த சனங்களைப் பற்றி. மேடையில் நிறுத்திக் காட்ட மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கூலியாளைப் பேசி வைத்திருந்தார்கள். அவன் வரவில்லை. துரையின் கண் வாசலில் நின்ற செல்லக்கண்ணு மேல் விழுந்தது. குமாஸ்தா விஸ்வலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், அவரைப் பின்னறைக்குக் கூப்பிட்டு ஒரு கோவணத்தையும் மண்கூடையையும் நீட்டினார்.

"உடுப்பைக் கழட்டிப்போட்டு இதைக் கட்டிக்கொண்டு வாரும்."

"ஐயா, சம்பந்தி வந்து உக்காந்திருக்காரு. இன்னைக்கு மட்டும் வேணாம்னு துரைகிட்ட சொல்லுங்களேன்."

"சொல்லிப் பாத்தன். மாட்டன் எண்டால் உடுப்பை வைச்சுப்போட்டு வீட்டை போகட்டாம்."

விஸ்வலிங்கம் உண்மையில் சொல்லிப் பார்த்தாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மேடையில் துரை ஒரு கோலால் செல்லக்கண்ணுவின் தோளைத் தொட்டார், கெண்டைக்காலைத் தொட்டார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைக் காட்டினார். சந்தை மாட்டுக்காவது பக்கத்தில் ஒரு சொந்தக்காரன் நிற்பான். சபை கைதட்டியது. தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டார். அவர் மகன் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தங்கராஜு வந்தார். கோபமாக வந்திருந்தால் செல்லக்கண்ணு காலில் விழுந்திருக்கலாம். அவர் வாசலிலேயே நின்று, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நானும் கூடை தூக்கினவன்தாங்க. எம் புள்ளைக்குத் தெரியக்கூடாதுன்னு இத்தனை வருஷம் மறைச்சு வச்சேன். நேத்து வீட்டுக்குப் போற வழியில, 'நீங்களும் இப்படித்தான் வந்தீங்களா'ன்னு கேட்டுட்டான். இந்தச் சம்பந்தம் வேணாம், விட்டுடுவோம்."

அடுப்படியில் இருந்த மங்களத்துக்கு எல்லாம் கேட்டது. அவர் தலை மறைந்ததும் வெளியே வந்தாள்.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

செல்லக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வேலை போயிட்டா உன் கல்யாணம் நின்னுடுமேன்னு பயந்துட்டேம்மா," என்றார்.

அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"வேலை இருக்குல்ல. அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடுவாங்க. போயிட்டு வாங்க," என்றாள்.

கூப்பிட்டார்கள், போனார். அந்தத் துரை சீமைக்குத் திரும்புகிற வரைக்கும் வருஷா வருஷம் கோடை வந்தது. மங்களத்தைக் கேட்டு அதற்கப்புறம் யாரும் வரவில்லை.