வெயில் பெஞ்சும் ரோத்தானும்

1. முதல் நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில், பயிற்சி முடித்த கையோடு, மலேசிய மலைப்பகுதியில் ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு என்னைப் போட்டார்கள். தோட்டத்து லோரியில் அரிசி மூட்டைகளோடு உட்கார்ந்து போய் இறங்கினேன். தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டி சாக்கட்டி, ஒரு டஸ்டர், ஒரு ரோத்தான் மூன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தார். ரோத்தான் என்றால் பிரம்பு.

"சாக்கட்டி தீந்தா சொல்லுங்க, வாங்கித் தரேன். ரோத்தானுக்குப் பஞ்சமே இல்ல. பெத்தவங்களே கொண்டாந்து குடுப்பாங்க" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில்தான் தெரிந்தது. வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்த தட்டு வந்தது. அதன்மேல் மஞ்சள் தடவிய புது ரோத்தான் குறுக்கே கிடந்தது. "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்தத உரிச்சு எடுத்துடுங்க டீச்சர்" என்று சொல்லிக் கும்பிட்டார்கள். கும்பிட்டபோது சிரிக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது நான்காம் வகுப்பு. ரோத்தானை இரண்டு ஆணிகளுக்கு நடுவே வைத்து, மலேசியப் படத்தை அதில் தொங்கவிட்டேன். படம் சுருண்டுகொள்ளாமல் நன்றாகவே நின்றது.

2. கடித்த பிள்ளை

வகுப்பில் தனலெட்சுமி என்று ஒரு பெண். எல்லோருக்கும் தனம். முதல் வாரம் அவள் தலையில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிவிடக் கையைத் தூக்கினேன். கை மேலே போனதுதான் தாமதம், பாய்ந்து என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். வகுப்பே எழுந்து நின்றது. இனி என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

கையை டஸ்டரால் துடைத்துவிட்டுப் பாடத்தை நடத்தினேன். மறுநாள் வாசலில் அவளை நிறுத்தி, வருகிற பிள்ளைகளின் விரல்களைத் தேய்த்துச் சூடாக்கி உள்ளே அனுப்பச் சொன்னேன். அந்த மலைக்குளிரில் காலையில் பென்சில் பிடிக்க யாருக்கும் விரல் மடங்காது. அடுத்தவர் கை நீண்டாலே அடி என்று நினைத்த பிள்ளை அன்று காலை முழுக்கக் கைகளைத் தொட்டாள். அதன்பிறகு யாரையும் கடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தைரியம் வந்துவிட்டது எனக்கு. வகுப்பை வரிசை வரிசையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 'நிரை' என்று பெயர் வைத்தேன். கொழுந்து பறிக்கிற ஆளுக்குக் காட்டில் பிரித்துக் கொடுக்கும் தேயிலை வரிசைக்கு அதுதான் பெயர்; பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு பழகிய சொல். மானிலா அட்டையில் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு கூடை வரைந்து மாட்டினேன். நல்லபடி நடந்தால், அடுத்தவருக்கு உதவினால், கூடையில் ஒரு காகிதக் கொழுந்து ஒட்டுவேன். வெள்ளிக்கிழமை எந்தக் கூடை நிறைந்திருக்கிறதோ அந்த நிரைக்கு மறுவாரம் சன்னலோர பெஞ்சு. பனி விலகியதும் அங்கே மட்டும்தான் வெயில் விழும்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. நிரைத் தலைவருக்குக் 'கங்காணி' என்று பெயர் வைத்துத் தொலைத்தேன். அரை மணி நேரத்தில் நாலு கங்காணிகளும் அடிஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏய் கழுத, நிரைய வுட்டு வெளிய வா!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணிகளிடம் பார்த்ததைத்தானே செய்வார்கள்? அன்று மத்தியானமே அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'நிரைத்தலைவர்' என்று மாற்றினேன். வகுப்பிலிருந்து எடுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

3. பெஞ்சு மாறியது

அதுவரை வெயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் குமரன், பெரிய கங்காணியின் மகன். அது அவன் இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. தனத்தின் நிரை கூடையை நிறைத்த வாரம், குமரனின் நிரை ஈரம் ஊறும் சுவரோரத்துக்குப் போனது. குமரன் சத்தம் போடாமல் போய் உட்கார்ந்தான். தனம் வெயிலில் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். எல்லாம் சரியாக வந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, பிறகு தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளி என்று அவளுக்காக நானே மனத்தில் வழி போட்டு வைத்தேன்.

மறுநாளே பெரிய கங்காணி ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"எம்மவனுக்குச் சளி புடிச்ச ஒடம்பு. அவன் சொவத்தோரம் குந்தணும், எங்கிட்ட வேல செய்யறவ மக வெயில் காயணுமா? படிச்சவங்க பண்ற வேலையா லா இது?"

"அடுத்த வாரம் அவன் நிரை கூடைய நெறைச்சா அவனும் அங்க உக்காரலாம்" என்றேன்.

"எங்களுக்கு நெரை பிரிக்கத் தெரியும், டீச்சர். நீங்க சொல்லித் தர வேணாம்."

அவர் போனதும் தலைமையாசிரியர் கதவைச் சாத்தினார். "பள்ளிக்கூடத்துக்குத் தகரம் வேணும்னாலும் தண்ணி வேணும்னாலும் நான் அந்தாளுகிட்டதான் போய் நிக்கணும். தொர தூரத்துல இருக்காரு, கங்காணி பக்கத்துல இருக்காரு. பெஞ்ச மாத்திடுங்க டீச்சர்."

நான் மாற்றவில்லை.

4. கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பிலேயே பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தனம் அம்மாவை ஒட்டி நின்றிருந்தாள். டீச்சர் அடிப்பதில்லை, அதனால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போச்சு என்பதுதான் புகார். வெயில் பெஞ்சைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கங்காணி தனத்தின் அம்மாவைப் பார்த்தார். "நீயே சொல்லு, அஞ்சல. ஒம்மக டீச்சரையே கடிச்சவதான?"

அஞ்சலை எழுந்தாள். மெலிந்த பெண், கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். எனக்காகப் பேசுவாள் என்று நம்பினேன். மகள் இப்போதெல்லாம் வீட்டில் பாடிக்கொண்டே வாய்ப்பாடு சொல்கிறாள் என்று முந்தின வாரம் என்னிடம் சொன்னவள் அவள்தான்.

அவள் நேரே சுவருக்குப் போய் ரோத்தானை உருவினாள். மலேசியப் படம் தரையில் விழுந்தது. எல்லோர் முன்னாலும் தனத்தின் காலில் இழுத்தாள். ஒன்று, இன்னொன்று. தனம் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அஞ்சலையின் கையைப் பிடித்தேன்.

"வுடுங்க டீச்சர்" என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "நாளைக்குக் காலைல பெரட்டுல எனக்கு மேட்டு நெரையக் குடுத்துருவான். ஏற முடியாது டீச்சர் என்னால."

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம். யாருக்கு நல்ல நிரை, யாருக்குச் செங்குத்தான நிரை என்று அங்கே தீர்மானிப்பவர் கங்காணி. பிடித்த கையை விட்டுவிட்டேன்.

"பாத்தீங்களா, பெத்தவளுக்குத் தெரியுது" என்றார் கங்காணி. தலைமையாசிரியர் தலையாட்டினார். 

அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் எனக்கு மாற்றல் வந்தது. தனம் மறுவருடமே நின்றுவிட்டாள், அம்மாவோடு கொழுந்துக்குப் போகிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

5. தட்டு

எண்பதுகளின் கடைசியில் கியா பார்முக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. தானா ராத்தாவில் ஒரு பயிற்சிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்து நடத்துவது எப்படி என்று காகித நட்சத்திரங்களைக் காட்டி வகுப்பெடுத்தவர் யார் தெரியுமா? என் பழைய தலைமையாசிரியர்தான், பதவி உயர்ந்து வந்திருந்தார். "நம்ம டீச்சர் அப்பவே இதெல்லாம் செஞ்சாங்க" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கவே பிடிக்கவில்லை.

அடுத்து வந்த ஜனவரியில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள். வரிசையில் ஒரு பெண் மகனோடு வந்து தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம், அதன்மேல் மஞ்சள் தடவிய ரோத்தான். விரல்கள் கறுத்திருந்தன. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கிறாள்.

"தனம், நீயா? நீயா இதக் கொண்டாந்த?"

"கண்ண மட்டும் விட்டுட்டு அடிங்க டீச்சர்" என்றாள்.

"நான் ஒன்ன ஒரு நாளாவது அடிச்சிருக்கேனா?"

"நீங்க அடிக்கல டீச்சர்." அவள் குரலில் கோபம் இல்லை. "கங்காணி சொன்னன்னிக்கே நீங்க எனக்கு ரெண்டு போட்டு, அந்த பெஞ்சுலேருந்து எழுப்பி விட்டிருந்தா, எங்கம்மாவுக்கு மேட்டு நெர விழுந்திருக்காது, தொணைக்குன்னு என்னைய நிறுத்தியிருக்காது. நானும் படிச்சிருப்பேன்."

மகனின் தோளைப் பிடித்து என் பக்கம் தள்ளினாள். அவன் என் கையைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடிக்காதீர்கள். நான் ஒருநாளும் அடித்ததில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கி வெயிலில் உட்காரவைக்கும் முன், அதன் தாய் மறுநாள் காலை யார் முன்னால் போய் நிற்கப் போகிறாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள், பெஞ்சைப் பிறகு மாற்றலாம். பயிற்சியில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

அன்று தட்டிலிருந்த ரோத்தானைத் தனத்திடமே திருப்பி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.