வெறுங்கால் மல்லன்

திருவொற்றியூர் கோயிலுக்குப் போகும் வழியில் காசிமேட்டில் நிற்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குக் கிளம்பும் படகின் முகப்பில், பெயிண்டில் வரைந்த ஓர் அமெரிக்க மல்யுத்த வீரர். பனிமூட்டத்தில் மிதந்து வருவதுபோல் இருக்கிறார்.

"ரிடையராயிட்டாரு நைனா," என்கிறார் படகுக்காரர். "கடைசி சண்டையில தோத்து, பூட்ஸைக் கழட்டி மேடையிலயே வச்சிட்டுப் பூட்டாரு. தோத்தவன் மூஞ்சி இன்னாத்துக்கு, அயிச்சிடுன்றா வூட்ல. சின்ன வயசுலேர்ந்து டிவில பாத்தவரு, மனசு வர்ல."

"நீங்களும் செருப்பைக் கழட்டிட்டுத்தானே படகுல ஏறுறீங்க?" என்கிறேன்.

படத்திலிருக்கும் பூட்ஸைத் தடவிப் பார்க்கிறார். பிறகு பக்கத்துப் படகில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும் பெயிண்டரைக் கூப்பிடுகிறார். "மாமு, பூட்ஸை மட்டும் அயிச்சிட்டு வெறுங்காலு போடு. நம்ம போட்ல ஏறிட்டாருன்னு வூட்ல சொல்லிக்கிறேன்."

கால்விரல்கள் ஒவ்வொன்றாய் வருகின்றன. சுண்டுவிரலும் வந்ததும் படகுக்காரர் முகப்பில் கற்பூரம் ஏற்றுகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கும்பிடுகிறேன்.