யோகண்ணை கழுவாத மட்டை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். தொழிற்சாலையில் எங்கள் பகுதி மேற்பார்வையாளர் ஜெயா வந்து என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டு, "யோகண்ணை மோசம் போட்டாராம்" என்றார். தானாகச் செத்து மோசம் போகவில்லை, அடித்துக் கொன்றார்கள். சொல்லை மெழுகிப் பேச எனக்கு வராது. சனிக்கிழமை மல்வேர்ன் கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடத்தில், பட்டப்பகலில், நாலு பேர் பேஸ்போல் மட்டைகளால் அடித்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார். மரக்கறிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் அதைப் பார்த்தேன். நாலு முகமும் எனக்குத் தெரியும். பொலிஸ் வந்து கேட்டபோது "நான் ஒண்டும் காணேல்லை" என்றேன். கடையில் நின்ற அத்தனை பேரும் அதையேதான் சொன்னோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அவருடைய மனைவி பவானி அக்கா கேட்டிருக்கிறார். கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று மனம் குறுகிப் போனது. ஆனாலும் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோகநாதன் அண்ணை ஊரில் பஸ் கண்டக்டர். இங்கே, ஸ்காபரோவில், விளையாட்டு அணிகளின் தொப்பிக்கும் ஜாக்கெட்டுக்கும் எழுத்துத் தைக்கிற தொழிற்சாலையில் மெசின் ஓட்டினார். நான் அவருக்குப் பக்கத்தில் நூல் வெட்டினேன். ஞாயிறு தவறாமல் பழைய சாமான் சந்தைக்குப் போவார். எந்தக் காலத்திலோ கலைந்துபோன அணிகளின் கம்பளிச் சட்டை, தோல் பட்டி வைத்த தொப்பி, பிசின் கறுத்த மட்டை என்று தூக்கிக்கொண்டு வருவார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேஸ்போல் விளையாட்டை அவர் ஒரு நாளும் முழுதாகப் பார்த்ததில்லை. "உந்த ஆட்டம் எனக்கு விளங்காது தங்கச்சி. ஆடினவனை விளங்கும்" என்பார்.

ஒருமுறை தையலைப் பார்க்கட்டும் என்று ஒரு பழைய சட்டையை எனக்குக் கொடுத்துவிட்டார். இரவல் வாங்கிய துணியைத் தோய்க்காமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் மரியாதையில்லை. நான் சோப்பில் ஊறவைத்து, கும்மித் தோய்த்து, சூட்டுப்பெட்டியால் மினுக்கி, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஐயோ தங்கச்சி, ஆளையே கழுவிப் போட்டியளே! கழுத்தில இருந்த வேர்வை எங்கை? முழங்கையில இருந்த ரத்தம் எங்கை? இனி இது வெறுந் துணி."

ஒரு கறையையும் கழுவக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே சட்டம். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எங்கள் நகரத்து அணி வாகை சூடிய ஆண்டுகளில் தொழிற்சாலை மூச்சுவிடாமல் ஓடியது. முதலில் அணியின் நீலம் மட்டும்தான் தைத்தோம். பிறகு அதே எழுத்தைக் கறுப்பில், சிவப்பில், பச்சையில் கேட்டார்கள். ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்து மைதானம் பூட்டிக் கிடந்த கோடையிலும் ஓடர் குறையவில்லை. யோகண்ணை தலையில் கையை வைத்தார். "ஆட்டமே இல்லை, தொப்பி மட்டும் விக்குது. ஆர் போடுறாங்கள் எண்டு பாத்தனீங்களே?"

பார்த்தேன்தான். எங்கள் தமிழ்ப் பெடியள் போட்டார்கள். கறுப்புத் தொப்பி ஒரு கூட்டம், சிவப்புத் தொப்பி இன்னொரு கூட்டம். நிறம் மாறிப் போட்டவனுக்கு மண்டை உடைந்தது. விளையாட்டுச் சாமான் கடையில் மட்டை வாங்க வரிசையில் நின்றார்கள். பந்து வாங்க ஒருத்தனும் நிற்கவில்லை. "நான் தைச்சுக் குடுக்கிறன், அவங்கள் அடிபட்டுச் சாகிறாங்கள்" என்று ஒருநாள் மெசினை நிறுத்திவிட்டு அழுதார்.

அவருடைய சொந்தத் தம்பி ரஞ்சனின் தலையிலும் கறுப்புத் தொப்பிதான் இருந்தது.

அந்த வருஷம் ஆயுதபூசைக்கு என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் மூன்று பழைய மட்டைகள் சந்தனம், குங்குமத்தோடு கிடந்தன. பவானி அக்கா கற்பூரம் கொளுத்தும்போது கதவை உடைக்கிற மாதிரித் தட்டிக்கொண்டு பொலிஸ் உள்ளே வந்தது. முந்தின நாள் டோனட் கடை வாசலில் ஒரு பெடியனை அடித்துக் கண்ணைப் பறித்துவிட்டார்கள் என்றும், ரஞ்சனின் பெயர் வந்திருக்கிறது என்றும் பிறகுதான் அறிந்தோம். ஒரு பொலிஸ்காரன் முதலாவது மட்டையில் சிவப்பைக் கண்டான். மறுகணம் யோகண்ணை தரையில் குப்புறக் கிடந்தார். முதுகில் அவனுடைய முழங்கால். குத்துவிளக்கு சரிந்து எண்ணெய் ஓடியது. "குங்குமம்! குங்குமம்!" என்று நாங்கள் கத்துகிறோம், அவனுக்கு என்ன விளங்கும்?

முன்பல் உடைந்து வாயால் இரத்தம் ஒழுக, யோகண்ணை தலையைத் தூக்கினார். ரஞ்சன் சமையல் குசினி வாசலில் விறைத்துப்போய் நின்றான். அவனையே பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்: "அதில்லை. மூன்றாவது."

அண்ணையின் மட்டைகளில் ஒன்றைத்தான் ரஞ்சன் எடுத்துப் போயிருந்தான். அன்று விடியற்காலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணை, உதைக் கழுவி வையுங்கோ" என்றானாம். அண்ணை கழுவவில்லை. வெடிப்புக்குள் இரத்தம் அப்படியே இருந்தது.

ரஞ்சனைச் சிறையில், மறியலில் போட்டார்கள். ஊர்ச்சனம் அண்ணையை ஒதுக்கியது. நான் மட்டும் என்ன, திறமா? தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் கேட்க, "உங்களுக்குத் தம்பியை விட மட்டை பெரிசாப் போச்சுதோ? சொந்த ரத்தத்தைக் காட்டிக் குடுத்திட்டியளே!" என்று கத்தினேன்.

அவர் சோற்றுப் பெட்டியை மூடினார். "கண் போன பெடியனை நான் ஆஸ்பத்திரியில பாத்தனான் தங்கச்சி. அவனுக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். அவன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நான் என்னத்தைக் கழுவிறது?"

நான் வேறு மேசைக்கு எழும்பிப் போனேன். ஒரு வருஷம் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. காலையில் "சுகமோ?" என்று கேட்பார், நான் கத்தரிக்கோலைத் தேடுவேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் கையில் ஒரு பொட்டலத்தோடு பஸ்ஸால் இறங்கி வந்தார். காரிலிருந்து கறுப்புத் தொப்பியோடு நாலு பேர் குதித்தார்கள். மட்டைகள் புத்தம் புதியவை. பிடியில் விலைச்சீட்டு தொங்கியது. முதல் அடி முழங்காலில் விழுந்தது. விழுந்தவரைச் சுற்றி நின்று, விறகு பிளக்கிற மாதிரி அடித்தார்கள். "ரஞ்சன்ரை கணக்கடா!" என்று ஒருவன் கத்தினான். எலும்பு முறிந்த சத்தம் கண்ணாடிக்கு உள்ளே எனக்குக் கேட்டது. அவர் ஒரு தரம் எங்கள் பக்கம் கையை நீட்டினார். கடையில் ஒருவரும் அசையவில்லை. கையில் இருந்த முருங்கைக்காயைக்கூட நான் கீழே வைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு ரஞ்சனைக் கைவிலங்கோடு கொண்டுவந்தார்கள். அண்ணையின் உடைந்த முகத்தை எவ்வளவு பூசியும் மறைக்க முடியவில்லை. பெட்டியின் விளிம்பில் தலையை மோதி மோதி, "நான் சொல்லேல்லை அண்ணை, நான் அவங்களைச் சொல்லி விடேல்லை" என்று அவன் குழறினான். காவலர் இருவரும் சேர்ந்துதான் அவனைப் பிரித்தெடுத்தார்கள்.

பிறகு பூப்போட வரிசை வந்தது. அடித்த நாலு பேரில் இருவர் அந்த வரிசையில் நின்றார்கள். வெள்ளைச் சேர்ட். தலையைக் குனிந்து, அண்ணையின் காலடியில் பூவைப் போட்டு, பவானி அக்காவின் கையைப் பிடித்து, "கவலைப்படாதேங்கோ அக்கா" என்றார்கள். அக்கா அந்தக் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது ஒருவன் என் காதோரம் குனிந்தான். "சுகமோ அன்ரி? அண்டைக்கு உங்களைக் கடையில கண்டனாங்கள்."

பயந்துதான் போனேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பவானி அக்கா அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிய பிறகு, "காணேல்லை" என்று இன்னொரு தரம் சொல்ல எனக்கு வராது.

இந்த மலர் அச்சாகி உங்கள் கைகளுக்கு வரும்போது, பொலிசுக்குப் போய் நாலு பேரின் பெயரையும் நான் சொல்லி முடித்திருப்பேன். என்னோடும் இனிப் பேசமாட்டீர்கள், தெரியும். வேறு மேசைக்கு எழும்பிப் போங்கள்.

யோகண்ணை, நீங்கள் கையை நீட்டியபோது நான் வரவில்லை. மன்னிப்புக் கேட்க முகமில்லை. போய் வாருங்கோ அண்ணை. நான் கண்டனான்.