ஒன்பது பேர் வேலை செய்யும் கடை

ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளி கணக்கில் புலி. புடவையைக் கையில் வாங்கியதுமே என்ன எடை நிற்கும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, நான் பிரசவ லீவு கேட்ட அன்றைக்கு, சொந்தக் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ண வராமல் போய்விட்டது.

நான் அந்தக் கடையில் பில் போடுகிறவள். மூத்தவன் பிறந்தபோது, "ஒடம்பு தேறினதும் வந்துடும்மா" என்றார். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று அதற்கு அர்த்தம். தையல் ஆறுவதற்குள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அடுத்தது உண்டானதும், இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். செல்போனில் சட்டத்தைத் தேடிப் படித்துக்கொண்டு போய் நின்றேன்.

"அண்ணா, பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேல செய்ற கடைன்னா, சம்பளத்தோட இருபத்தாறு வாரம் லீவு குடுக்கணும்ணா."

"பத்துப் பேரா?" சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "நம்ம கடையில ஒம்போது பேருதானம்மா!"

எப்படி ஒன்பது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாட்ச்மேன் உட்கார்ந்துகினேதான் கீறார், அது வேலையில் சேராது. புடவை மடிக்கும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ரேஷன் கார்டு, ஆகவே ஒரு ஆள். வீட்டுத் தறிகளுக்குப் பாவு நூல் கொண்டுபோகிறவன் பாதி நாள் முள்ளிப்பட்டில் இருக்கிறான், அவன் அந்த ஊர்க் கணக்கு. டிரைவர் கூடப்பிறந்த தம்பி மாதிரி, தம்பியை யாராவது வேலைக்காரன் என்பார்களா? பக்கத்தில் நின்றிருந்த டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப சொத்துல எனக்கும் பங்கு உண்டாண்ணா?" என்று கேட்டார். முதலாளி சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீயும் லீவுல பூட்டின்னா எட்டுதான்" என்று என்னையும் கழித்து முடித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் பிரசவமே அங்கேயே ஆகியிருக்கும். இதே மனிதர்தான் தன் மணிவிழாவுக்கு, எதிர்க்கடைக்காரர் பேனரைவிட நம் பேனரில் தலை ஜாஸ்தியாக இருக்க வேண்டும் என்று, வேலை செய்கிற அத்தனை பேர் முகத்தையும் போட்டு வாசலில் கட்டியவர். அதுவும் போதாமல் டிரைவர் முகத்தை இரண்டு தடவை போட்டார், சும்மா ஒன்று, கூலிங் கிளாஸோடு ஒன்று.

தொழிலாளர் துறைக்குப் புகார் அனுப்பினேன். ஒரு நாள் காலையில் அங்கிருந்து ஒரு அதிகாரியம்மா வந்து இறங்கினார்கள். முதலாளி பாதிப் பேரை டீ குடிக்கச் சொல்லி ஜல்தியாகப் பின்பக்கக் குடோனுக்குத் துரத்திவிட்டு, வாசலுக்கு ஓடினார்.

"ஒம்போது பேருதாங்க மேடம்."

அதிகாரியம்மா நிமிர்ந்து பேனரைப் பார்த்தார்கள். "இவங்கல்லாம் யாரு?"

"சொந்தக்காரங்க மேடம். அன்பா வாழ்த்த வந்தவங்க."

வேலையும் போய் லீவும் போய் நடுத்தெருவில் நிற்கப்போகிறேன் என்று பயந்துவிட்டேன். அப்போதுதான் வேடிக்கை பார்த்துகினு நின்றிருந்த எதிர்க்கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"ஆமாங்க மேடம், அவரு சொல்றது நெஜந்தான். சின்னக் கடைங்க. அதுக்கு ஒம்போது பேரே ஜாஸ்தி."

அவ்வளவுதான். முதலாளியின் மூஞ்சி சிவந்தது.

"யார் கடைய்யா சின்னக் கடை? பதிமூணு பேரு மேடம் எங்கிட்ட! டேய், எல்லாரும் வெளிய வாங்கடா!"

டீ கிளாஸும் கையுமாக எல்லோரும் வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு ஆளாகவே வந்தார்கள். வாட்ச்மேன் எழுந்து நின்றார், அதை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். முதலாளி ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு உரக்க எண்ணினார். என் தலையையும் தொட்டார்.

"ரொம்ப சந்தோஷங்க" என்றார்கள் அதிகாரியம்மா. "அப்ப இவங்களுக்கு லீவு குடுத்துடுங்க."

கை என் தலைமேலேயே இருக்க, முதலாளி பேஜாராக விழித்தார். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, "குடுக்கறேன்யா! சம்பளத்தோட! உங் கடையில குடுப்பியா?" என்று கத்தினார். எதிர்க்கடையில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் தங்கள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

லீவு கிடைத்தது. பெண் பிறந்தாள். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் முதலாளி, "பெரிய கடைன்னா சட்டப்படிதாங்க நடக்கணும்" என்று பெருமையடிப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, பாயில் கிடந்த குழந்தை முக்கி முனகி, ஒரு கை அடியில் மாட்டிக்கொள்ள, முதல் தடவையாகக் குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் பயந்து அழ ஆரம்பித்தாள், நானும் அழுதேன். வழக்கப்படி கொழுக்கட்டை செய்து கடைக்கும் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார்.

"கொழந்த கவுந்துச்சாமே? சந்தோஷம்மா. பெரியவன் எத்தினி மாசத்துல வுழுந்தான்?"

"தெரியாதுண்ணா. அன்னிக்கு நான் நம்ம கடையில பில் போட்டுகினு இருந்தேன்."



"கொழுக்கட்ட நல்லா கீதும்மா" என்றார்.