கடற்கரைக்குக் கட்டிய புடவை

ரங்கூனில் அன்றாடம் நான் பர்மியப் பெண்களைப் போலக் கைலிதான் கட்டுவேன். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனபோது மட்டும் போட்டோவுக்காகப் புடவை கட்டினேன்.

"அண்ணி, கைலியே கட்டிக்கிங்க" என்றாள் நாத்தனார் ஸ்டெல்லா. நான் கேட்கவில்லை.

கரையோரம் விளையாடிய என் சின்ன மகளை ஓர் அலை இழுத்துப் போனது. கேமராவோடு நின்ற கணவருக்கு நீச்சல் தெரியாது. ரங்கூனின் க்யிம்யிண்டைங் பகுதியில் ஆற்றில் நீந்தி வளர்ந்தவள் நான், பாய்ந்தேன். நனைந்த புடவை கால்களைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஸ்டெல்லா கைலியை நெஞ்சுக்கு மேல் முடிந்துகொண்டு குதித்தாள். அதில் காற்றை அடைத்துப் பந்தாக மிதக்கவிட்டு, குழந்தையை அதன்மேல் சாய்த்துக் கரைசேர்த்தாள்.

இப்போது கடலுக்குப் போனால் எனக்கும் கைலிதான். ஆனாலும் கிளம்புமுன் மகள் என் பெட்டியைக் கிளறிப் பார்க்கிறாள்.

"புடவை எதுவும் வைக்கலையேம்மா?"