பெட்டியில் ‘மனித’ என்று போட்டிருந்தது

1. காலை அழைப்பு

“இந்த மருந்துக்கு யாரை அறுத்தீங்க?” என்று தொலைபேசியில் ஒரு அம்மாள் தமிழில் கேட்டார்.

நான் யாங்கோனில், போட்டாதாங் பகுதியில், ஒரு மருந்து இறக்குமதிக் கம்பெனியின் கிடங்கில் புராடக்ட் ஆபீசர். விலங்கியல் படித்தவள். மருந்தைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வது என் வேலை. கேள்விகள் பெரும்பாலும் விலையைப் பற்றியே இருக்கும் என்பதால் என் படிப்புக்கு அதுவரை பெரிய தொந்தரவு வந்ததில்லை. அறுப்பதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

“எந்த மருந்தும்மா?”

“சீனி வியாதி ஊசி. உங்க தாள்லதான் போட்டிருக்கு. பன்னி இல்ல, மாடு இல்ல, மனுஷன்கிட்ட இருந்து எடுத்ததுன்னு. எம் மவ நேத்து சாயங்காலம் அதைப் படிச்சா. அதோட ஊசியத் தொட மாட்டேங்குறா. காலையிலயும் போடல.”

“மகளுக்கு எத்தனை நாளா சர்க்கரை?”

“பள்ளிக்கூடம் போறப்பவே வந்திருச்சு. இப்ப இருபத்தாறு. மாத்திரை கேக்காது, ஊசி மட்டுந்தான்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயில் பெரியவர்களுக்கு வரும் வகை உண்டு. அதில் உடம்பில் கொஞ்சமாவது இன்சுலின் ஊறும். இந்தப் பெண்ணுக்கு இருப்பது மற்ற வகை. இன்சுலின் ஊறுவதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறிப் புளிக்கத் தொடங்கும். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அந்தத் தாளை அடித்தது யார், திருத்தியது யார் என்ற விசாரணை முடியும்வரை அது காத்திருக்காது.

முகவரி கேட்டேன். மூன்று தெரு தள்ளி.

2. ஒரு பக்கம் மூன்று வரியான கதை

அந்தத் தாளின் பெருமை எங்கள் விற்பனை மேலாளர் ஊ சோ மின்னைச் சேரும். நாங்கள் அவரை சயா, அதாவது ஐயா, என்போம். பேசுவது பர்மிய மொழியில். இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

லத்தா வட்டாரத்தில் உள்ள மருந்துக் கடைக்காரர்கள் சிலர், “இன்சுலின் பன்னியில இருந்து வருதா, மாட்டுல இருந்து வருதான்னு ஆளுங்க கேக்கறாங்க” என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். முட்டாள்தனமான கேள்வி இல்லை. முன்பெல்லாம் பன்றி, மாடு இரண்டின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். இப்போது எங்களிடம் வருவது பாக்டீரியாவில் செய்வது. மனித உடம்பில் இன்சுலினுக்கான ஜீன் என்ன எழுத்து வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையை பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் அது மனித இன்சுலினைச் செய்து தருகிறது. இதை விளக்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

சயா இரண்டாம் பத்திவரை படித்தார். அதுவே அவருக்கு ஒரு சாதனை.

“மா செல்வி, இந்த ரைபோசோம்னா யாரு?” என்றார். பெண்கள் பெயருக்கு முன்னால் இங்கே மரியாதைக்கு ‘மா’ போடுவார்கள்.

“யாரும் இல்ல சயா. செல்லுக்குள்ள புரதம் கட்டுற இடம்.”

“இடத்தையெல்லாம் எதுக்குச் சொல்றீங்க? வாங்குறவன் வாடகைக்கா வரப்போறான்?”

பிறகு மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் ‘மனித இன்சுலின்’ என்று போட்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. என் ஒரு பக்கத்தை மூன்று வரியாக்கினார்: இது பன்றியிலிருந்து எடுத்ததல்ல. மாட்டிலிருந்து எடுத்ததல்ல. மனிதரிடமிருந்து எடுத்தது.

“எடுத்ததுங்கறது தப்பு சயா. யார்கிட்ட இருந்தும் எதையும் எடுக்கல. ஆளுங்க பயந்துடுவாங்க.”

“மனுஷனைப் பாத்து மனுஷன் எதுக்கு பயப்படணும்?”

யாங்கோனில் இத்தனை வருஷமாக இருக்கிறவர் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது. தாள் பர்மிய மொழியிலும் தமிழிலும் அச்சாகிப் போனது. தமிழில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டது நான்தான். பிழையெல்லாம் கருத்தில் மட்டுமே இருந்தது.

3. நான்காம் மாடி

“நானும் வரேன். கம்பெனி பேர் கெட்டுப்போயிடக் கூடாது” என்று சயா கிளம்பினார். அவர் கையில் கம்பெனிக் குடை ஒன்று, காலண்டர் ஒன்று, சர்க்கரை நோயாளிக்குக் கொடுப்பதற்காக ஒரு டின் பிஸ்கட். பிஸ்கட்டை மட்டும் நான் கிடங்கு வாசலிலேயே அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

வீடு நான்காம் மாடியில். சயா ஒவ்வொரு மாடியிலும் நின்று, கட்டடத்தைக் கட்டியவரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு ஏறினார். தொலைபேசியில் பேசிய ஹாஜராம்மா கதவைத் திறந்தார். மகள் பாத்திமா உள்ளே பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லைங் தாயா தொழிற்பேட்டையில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். அன்று ஃபேக்டரி பஸ்ஸை விட்டுவிட்டாள். உதடு வறண்டிருந்தது, பக்கத்தில் காலியான தண்ணீர் பாட்டில்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டர் எண் எதுவும் காட்டாமல் ‘ஹை’ என்று மட்டும் எழுதியது. தன் கணக்குக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம்.

“முதல்ல ஊசிய போடு. அப்புறம் கிளினிக் போகலாம்” என்றேன்.

“அங்கயும் இதே ஊசிதானே அன்ட்டீ போடுவாங்க” என்றாள். தமிழ் புரியும், பேச்சு பாதிக்குமேல் பர்மிய மொழி.

சயா முன்னால் வந்தார். “தங்கச்சி, கவலைப்படாதீங்க. நல்ல மனுஷங்ககிட்ட இருந்துதான் எடுத்திருப்பாங்க.”

“செத்தவங்களா, உயிரோட இருந்தவங்களா?”

சயா என்னைப் பார்த்தார். காலண்டரைப் பாத்திமா பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். ஜீனுக்குப் பர்மிய மொழியில் மியோ யோ பீஸா என்பார்கள். மியோ என்றால் இனம், வம்சம். அந்தச் சொல்லை நான் உச்சரித்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப அடுத்தவங்க மியோவைத்தான் இத்தனை வருஷமா எனக்குள்ள ஏத்தியிருக்கீங்க. ரெண்டு மாசத்துல எனக்கு நிக்காஹ். நாளைக்குப் பொறக்கற பிள்ளை யாரோட வம்சம்?”

“அல்லாவே” என்று ஹாஜராம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இந்தக் கோணம் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு மருந்து விளக்கத்தால் மூன்று வரித் தாளைவிட அதிகச் சேதம் செய்ய முடியும் என்று நிரூபித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்பறைப் பாடம். அதையே தொடர்ந்தேன். ஜீன் செல்லின் நடுவே பத்திரமாக இருக்கும், வெளியே போகாது. அதைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எடுக்கப்படும். நகல்தான் வேலை நடக்கும் இடத்துக்குப் போகும். வேலை முடிந்ததும் நகல் சிதைந்துபோகும்.

“மார்க்கர் பேப்பர் மாதிரியா?”

“அது என்ன?”

“சட்டையோட பேட்டர்ன் சாம்பிள் ரூம்லயே இருக்கும். அதைப் பாத்து நீளப் பேப்பர்ல அச்சடிச்சு அனுப்புவாங்க, அது மார்க்கர். துணி மேல விரிச்சு, பேப்பரோட சேத்து வெட்டுவோம். வெட்டினதும் பேப்பர் குப்பைக்கு. பேட்டர்ன் சாம்பிள் ரூமை விட்டு வெளிய வந்தா மேனேஜர் எங்களை வெட்டிடுவாரு.”

“அதேதான். அந்த மார்க்கரை ரைபோசோம் மூணு மூணு எழுத்தா படிக்கும். மூணு எழுத்துக்கு ஒரு துண்டு. துண்டுக்கு அமினோ அமிலம்னு பேரு; நீ சாப்பிடுற பருப்பு, மீன் எல்லாத்துலயும் இருக்கு. வரிசை மாறாம துண்டுகளைக் கோத்தா புரதம். இன்சுலினும் ஒரு புரதம்.”

“அதுக்கு எத்தனை துண்டு?”

“ஐம்பத்தொண்ணு.”

“அவ்வளவுதானா? எங்க ஜாக்கெட் ஒண்ணுக்கே அவ்வளவு வரும்.” மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்தாள். “அப்ப எனக்குள்ள பேட்டர்ன் கிழிஞ்சுபோச்சா?”

“இல்ல. பேட்டர்ன் அப்படியே இருக்கு. லைன்ல உக்காந்து தைச்ச ஆளுங்களைத்தான் உன் உடம்போட செக்யூரிட்டியே திருடன்னு நினைச்சு அடிச்சுத் தொரத்திட்டான்.”

அவள் சிரித்தாள். “எங்க கேட்லயும் அப்படி ஒருத்தன் இருக்கான்.”

“அதனால வெளிய தைக்கக் கொடுக்கறாங்க. மனுஷ ஜீன்ல என்ன எழுத்து வரிசைன்னு படிச்சாச்சு. அதே வரிசையில புதுசா ஒண்ணு செஞ்சு பாக்டீரியாவுக்குள்ள வெச்சிருக்காங்க. உலகத்துல எல்லா உயிருக்கும் அந்த எழுத்து ஒண்ணுதான், அதனால பாக்டீரியாவும் படிச்சுத் தைச்சுடும். பெரிய தொட்டியில வளத்து, இன்சுலினைப் பிரிச்செடுக்கறாங்க.”

“டிசைன் ஒருத்தன், தைக்கிறது இன்னொருத்தன். அப்ப இது சி.எம்.பி.”

சி.எம்.பி. என்றால் வெட்டித் தைத்துக் கட்டி அனுப்பும் கூலி வேலை. டிசைனும் துணியும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும். லைங் தாயாவில் பாதிப்பேர் அதில்தான் பிழைக்கிறார்கள். எதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற என் வியாதி அங்கேயும் விடவில்லை. “சி.எம்.பி.யில துணி அவங்க அனுப்புவாங்க. பாக்டீரியா துண்டுகளையும் தானே செஞ்சுக்கணும். சாப்பாடு மட்டும் போடுவாங்க” என்றேன்.

“எங்களைவிட மோசமான கான்ட்ராக்ட். தைச்சு முடிச்சதும் அதுங்களை என்ன பண்ணுவாங்க?”

“உடைச்சு இன்சுலினை எடுத்துட்டு, மிச்சத்தை ஒதுக்கிடுவாங்க.”

“எங்க ஃபேக்டரி இன்னும் அந்த அளவுக்குப் போகல.”

சயா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பாத்திமா கண்ணை மூடினாள். எனக்கு அவள் யோசிக்கிறாளா, மயங்குகிறாளா என்று தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி வேகமாக ஓடியது.

“அன்ட்டீ, மருந்து பாட்டில்ல பேட்டர்ன் வருதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“வராது. இன்சுலின் மட்டும்தான் வரும். அதுவும் உடம்புல வேலை செஞ்சுட்டுக் கரைஞ்சுபோயிடும். உன் ஜீனை அது தொடாது. உன் பிள்ளை உன் வம்சமும் புருஷன் வம்சமும்தான்.”

“சட்டைதான் கார்ட்டன்ல போகும். பேட்டர்ன் போகாது. அதை எவனும் தர மாட்டான்.” தாயைப் பார்த்தாள். “உம்மா, எடுத்துட்டு வாங்க.”

கரண்ட் இல்லாததால் ஹாஜராம்மா குப்பியை ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைத்திருந்தார். எங்கள் கிடங்கின் ஜெனரேட்டரைவிட அது நம்பகமானது. பாத்திமா தானே குப்பியை உள்ளங்கையில் உருட்டி, தானே அளந்து, வயிற்றில் போட்டுக்கொண்டாள்.

அதோடு நான் விடவில்லை. இரண்டு வேளை தவறிய பிறகு ஒரு ஊசியில் எல்லாம் சரியாகிவிடாது. டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனோம். டாக்டர் பார்த்தவுடன் படுக்கையில் போட்டு டிரிப் ஏற்றினார். “சாயங்காலம் வந்திருந்தா என்கிட்ட வராதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன்” என்றார். தாளை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. சயா வெளியே போய் நின்றுகொண்டிருந்தார்.

4. மறுபடியும் தாள்

மறுநாள் பாத்திமா வீடு திரும்பினாள். அதே நாளில் சயா லத்தாவுக்குத் தானே போய், கடை கடையாக ஏறி இறங்கி எல்லாத் தாளையும் திரும்ப வாங்கி வந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. மீட்டிங்கில் இதை ‘ரீகால்’ என்று சொன்னபோது நாங்கள் ஏதோ பெரிய கம்பெனி மாதிரி இருந்தது.

அடுத்த தாளுக்கும் அவரே வாசகம் எழுதினார்: வெளிநாட்டு டிசைனில் தைக்கப்பட்ட இன்சுலின். ஒரு கடைக்காரரிடம் காட்டிப் பார்த்தார். அவர், “லைங் தாயாவுல செய்யறதுன்னா விலை ஏன் குறையல?” என்று கேட்டார். அந்த வாசகம் அங்கேயே முடிந்தது.

அதற்குமேல் பேனா என்னிடம் வந்தது. எழுதிக்கொண்டு போய் பாத்திமாவிடம் கொடுத்தேன். வேலையிலிருந்து திரும்பி, முகத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு கலையாமல் உட்கார்ந்து படித்தாள். முதல் அடியே ‘கிருமி’ என்ற சொல்லில் விழுந்தது.

“கிருமின்னு படிச்சா உம்மா குப்பிய தெருவுல வீசிடுவாங்க.”

“ஆனா பாக்டீரியாதானே. பொய் சொல்ல முடியாது.”

“பொய் சொல்ல வேணாம். தயிர் உறையறது எதனால?”

“அதுவும் பாக்டீரியாதான். வேற வகை.”

“அதைச் சொல்லுங்க. தயிரைப் பாத்து யாரும் ஓட மாட்டாங்க.”

மியோ என்ற சொல்லையும் அடித்தாள். ‘எடுத்தது’ இருந்த இடத்திலெல்லாம் ‘செய்தது’ என்று மாற்றினாள். கடைசியில் இப்படி நின்றது: இந்த மருந்தில் எந்த மனிதரின் உடம்புப் பொருளும் இல்லை, பன்றியோ மாடோ இல்லை. தயிரை உறைய வைப்பது போன்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வைத்து, நம் உடம்பில் ஊறும் இன்சுலினைப் போலவே செய்தது. சந்தேகம் இருந்தால் ஊசியை நிறுத்தாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

சயா படித்தார். “பெட்டியில மனுஷன்னு இருக்கு, தாள்ல மனுஷன் இல்லைன்னு இருக்கு. எது பொய்?”

“ரெண்டும் உண்மை சயா.”

“ரெண்டும் உண்மைன்னா எப்படி விக்கறது?” என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மருந்தைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல் சரி என்று படித்தவருக்குத் தெரியலாம். எந்தச் சொல் ஆளை மிரட்டும் என்று அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறவருக்குத்தான் தெரியும். அவர் படித்துப் பார்க்காத தாளை அச்சுக்கு அனுப்பாதீர்கள். அதற்காக உங்களை யாரும் பாராட்டுவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

மாதக் கடைசி மீட்டிங்கில் சயா அறிக்கை படித்தார். புதிய தாள் எல்லாக் கடைகளிலும் வைக்கப்பட்டது. ஒருவர்கூடக் கூப்பிட்டு எதையும் கேட்கவில்லை. எனவே, வாடிக்கையாளர் ஆர்வம்: இல்லை.

பாத்திமா அந்த வாரமும் கிடங்குக்கு வந்து, மூன்று குப்பி வாங்கிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அதை அறிக்கையில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.