மீன் பாசார் பின்னால் நூற்றிருபது மீட்டர்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஒரு நகராண்மையில் கால்வாய் கூட்டினேன். நாள் சம்பளம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள்.

அந்த வருஷம் நகராண்மையில் பணம் பற்றவில்லை என்றார்கள். பத்துப் பேரில் ஆறு பேரை நிரந்தரமாக்குவார்கள், மற்றவர்களை நிறுத்திவிடுவார்கள். அதற்காக வேலையை அளந்தார்கள். அன்றன்று சுத்தம் செய்த கால்வாயின் நீளத்தை, எங்களை மேய்க்கும் மண்டோரிடம் சொல்ல வேண்டும். அவர் கணக்குப் பாரத்தில் எழுதுவார்.

என் பங்கு மீன் பாசாருக்குப் பின்னால், நூற்றிருபது மீட்டர். வீட்டு வரிசையில் வேலை செய்தவர்கள் நானூறு, ஐந்நூறு என்றார்கள். நான் தினமும் நூற்றிருபது என்றேன். இரண்டாம் மாதம் பட்டியலில் என் பெயர் கடைசி.

“என்னம்மா, நத்தை மாதிரி போறியா?” என்றார் மண்டோர்.

“இருக்கிறதே அவ்வளவுதான் அண்ணே.”

“பக்கத்து லொங்காங்கையும் சேத்துச் சொல்லு லா. யாரு வந்து அளக்கப் போறா?”

பக்கத்துக் கால்வாய் வேறொருத்தி பங்கு. சொல்ல மனசு வரவில்லை. பிள்ளைகளை நினைத்தால் சோறு இறங்காது. ஆனாலும் சொல்லவில்லை.

ஆபீசில் கணக்கெழுதிப் பட்டியல் போட்ட கிராணி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. சட்டை கசங்காமல் வருவார். நாள் தவறாமல் ஒரே எண் வந்ததில் அவருக்குச் சந்தேகம். நான் வேலை செய்யாமல் சும்மா சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். ஒரு காலை மண்டோரையும் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

ஏழு மணிக்குக் கூட்டி முடித்தேன். ஒன்பது மணிக்குள் செதிலும் குடலும் கோழி இறகும் மறுபடி அடைத்தன. அள்ளினேன். பன்னிரண்டுக்கு மறுபடி அள்ளினேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றார்.

“அக்கா, தினமும் மூணு தடவையா?”

“ஞாயித்துக்கிழமை நாலு ஐயா.”

“பின்னே ஏன் நூத்தி இருபதுன்னே சொல்றீங்க?”

“லொங்காங் ஒண்ணுதானே. அதையே மூணு தடவை சொன்னா பொய்யாயிடாதா?”

“இவ தேற மாட்டா கிராணி,” என்று மண்டோர் சிரித்தார்.

கிராணி சிரிக்கவில்லை. அடுத்த மாதப் பாரத்தில் ‘எத்தனை தடவை’ என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. பழைய மாதங்களுக்கும் அவரே எழுதித் திருத்தினார். ஆறு பேரில் ஒருத்தியாக என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் வந்தது. நன்றி சொல்ல ஆபீசுக்குப் போனேன். கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

அந்த வேலையில்தான் மூன்று பிள்ளைகளும் படித்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பஸ் ஸ்டாப்பில் அந்தக் கிராணியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது.

“ஐயா, நான் மீன் பாசார் லொங்காங்.”

யோசித்துப் பார்த்தார். “ஞாபகம் வரல அக்கா. ஏதும் பிரச்சினையா?”

“இல்ல ஐயா. பென்சன் எடுக்க வந்தேன்.”

பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் அவ்வளவு பேசுகிறவள் இல்லை. நடுவில் அவருடைய பஸ் வந்து நின்றது. நான் நிறுத்தினேன்.

“அடுத்தது வரும்,” என்றார். “நீங்க சொல்லுங்க.”